ஒன்று நாற்பதிலிருந்து நாலு நாற்பத்தைந்து வரை

வெலிக்கந்தைக்கு இந்தப் பக்கம்
ரயில் யானையில் மோதியது,
அல்லது யானை ரயிலில்.
மூன்றாம் வகுப்பில் ஆளுக்கொரு கதை.
இருட்டுக்குள் மூன்று மணித்தியாலம் நின்றோம்.
பக்கத்தில் இருந்தவர்
“யானையும் பாவம், நாமளும் பாவம்” என்று
மிச்ச ரொட்டியில் பாதி பிய்த்துத் தந்தார்.
நான் யானையை நினைக்கவில்லை.
தவறப்போகும் பஸ்ஸை நினைத்துக்கொண்டு
ரொட்டியைத் தின்றேன்.

மட்டக்களப்பில் இறங்க
ஒன்று நாற்பது.
திருக்கோவில் பக்கம் போகும் முதல் பஸ்
நாலு நாற்பத்தைந்து.
“லொட்ஜ் இருக்கு தம்பி. பேன் ரூம். மூவாயிரத்தைந்நூறு.”
என் பையில் ஆயிரத்து எண்ணூற்றிப் பத்து.
அதற்குள்தான் பஸ்ஸும்
விடியச் சாமத்துத் தேத்தண்ணியும்.
“கூட்டிப்போக ஆள் வரும்” என்றேன்.
ஓட்டோக்காரன் என்னை மேலும் கீழும் பார்த்தான்.
மறுகா, பின்சீற்றில்
காலை மடக்கிக்கொண்டு அவனே படுத்துவிட்டான்.
அவனுக்கும் லொட்ஜ் கட்டாதுபோல.

வாங்கிலே ஆளுக்காள் நடுவில்
இரும்புக் கைப்பிடி வைத்தவனுக்கு
மனிதனின் நீளம் நன்றாகத் தெரியும்.
இருக்கலாம், சாயலாம்.
படுக்க மட்டும் ஏலாது.
ஒரு கைப்பிடிக்குக் கீழால் காலை நுழைத்து
மற்றதைச் சுற்றி இடுப்பை வளைத்து
காய்ந்த கொச்சிக்காய்போலக் கிடந்து பார்த்தேன்.
சான்றிதழ் ஃபைல் தலைக்கு.
பிளாஸ்டிக், வியர்வையில் கன்னத்தோடு ஒட்டிக்கொண்டது.

நேர்முகம் ஆறு நிமிஷம்.
போக ஒரு பகல். வர, இன்னும் வந்துகொண்டிருக்கிறேன்.
“ஏன் அவ்வளவு தூரத்திலிருந்து?” என்றார்கள்.
மற்ற எல்லாவற்றுக்கும் விடை படித்துக்கொண்டு போயிருந்தேன்.

ஒரு பொலிஸ்காரர் டோர்ச் அடித்தார்.
அடையாள அட்டையைத் திருப்பித் திருப்பி வாசித்தார்.
“வீடு இந்தப் பக்கம்தானே? பிறகு ஏன் இங்க படுக்கிறது?”
அதுவும் அதே கேள்விதான், மறுபக்கமாக.

பார்சல் அறை வாசலில்
ஓட்டை போட்ட மட்டைப்பெட்டி நாலு.
எம்.ஐ.எம். சனூஸ், காத்தான்குடி.
உள்ளே நேற்றுப் பொரித்த குஞ்சுகள், நானூறு,
ஒரே குரலில் இல்லாமல்
நானூறு குரலில் கத்தின.
என்னோடு அதே ரயிலில் வந்தவை.
அவற்றுக்கும் பிந்திப்போயிற்று.

பார்சல் கிளார்க் கிருபைராசா
வயர் இழுத்து ஒரு மேசைவிளக்கைக் கொண்டுவந்தார்.
“சனூஸ்ட போன் ஓஃப். குளிரில செத்துதெண்டா
எனக்குத்தான் பேச்சு.”
விளக்கைப் பெட்டிமேல் சாய்த்துவிட்டு
“நீ முழிப்புத்தானே? மட்டையில பல்ப் படாமப் பாத்துக்க” என்றார்.
சரி என்றேன்.
சம்பளம் பற்றி இருவரும் பேசவில்லை.

வாங்கைவிட்டு இறங்கி
சீமெந்துத் தரையில், பெட்டிகளுக்குப் பக்கத்தில்
கடைசியில் நீட்டி நிமிர்ந்து படுத்தேன்.
அந்த மஞ்சள் சூட்டில் கொஞ்சம் எனக்கும் வந்தது.
காதுக்கு ஒரு சாண் தூரத்தில்
தவிட்டு வாசமும் கத்தலும்.
பல்பைப் பார்த்தேன்.
பல்பைப் பார்த்தேன்.
நுளம்பு ஒன்றை அடித்தேன்.
பல்பைப்

வாளிச் சத்தத்தில் எழும்பினால் நாலேகால்.
தண்டவாளத்தில் நின்று ஒருவன்
எஞ்சினின் முகத்தைக் கழுவிக்கொண்டிருந்தான்.
தண்ணீர் கல்லுக்குள் இறங்கிப்போனது.
அவன் தேய்த்த இடத்தையே திரும்பத் திரும்பத் தேய்த்தான்.
அப்போதுதான் யானையை நினைத்தேன்.
பெட்டியைத் திறந்து சனூஸ் குந்தியிருந்தார்.
விளக்கை யாரோ தள்ளி வைத்திருந்தார்கள்.
“ரெண்டு போயிட்டு,” என்றார்,
“நானூறுல ரெண்டு பெரிசில்ல.”
இரண்டையும் ஷொப்பிங் பையில் போட்டு முடிந்தார்.
எந்த நேரம் போனவை என்று
நான் கேட்கவில்லை.

பொத்துவில் பஸ்ஸில் யன்னல்கரை கிடைத்தது.
கல்லடிப் பாலம் நினைவிருக்கிறது.
கல்முனையில் யாரோ மரக்கறி மூட்டை ஏற்றினார்கள்.
மறுகா, ஒரு கை தோளைத் தட்டியது.
“தம்பி, இது கோமாரி.
திருக்கோவிலுக்குத்தானே டிக்கட் எடுத்த?
இன்னும் எண்பது ரூபா தா.”